எந்த நாளில், எந்த விரலால்? மார்பகச் சுயபரிசோதனை: வாசகர் கேள்வி – பதில்

மார்பகத்தைத் தாமே பரிசோதித்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு மாதம் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது. இன்னொரு மாதம் கல்லுக் கல்லாகத் தட்டுப்படுகிறது, வலிக்கவும் செய்கிறது. எதை நம்புவது? (29 வயது வாசகி)

நாளைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவ்வளவுதான். மாதவிலக்குச் சுழற்சியின் பின்பாதியில் ஹார்மோன்களால் பால்சுரப்பித் திசுக்கள் நீர் கோத்து வீங்குகின்றன. அப்போது மார்பகம் கனக்கும், தொட்டால் நோகும், கையில் முடிச்சு முடிச்சாகப் படும். உதிரப்போக்கு தொடங்கியதும் வீக்கம் வடிய ஆரம்பிக்கும். உதிரப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்துக்கொண்டு எண்ணினால், 7-லிருந்து 10-ஆம் நாளுக்குள் மார்பகம் மிகத் தளர்வாக இருக்கும். பரிசோதனைக்கு அதுதான் நாள். எல்லா மாதமும் அதே கட்டத்தில் பார்த்தால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும்.

மாதவிலக்கு நின்றவர்கள் ஏதாவது ஒரு தேதியை முடிவு செய்து, மாதாமாதம் அதே தேதியில் பார்க்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குப் புது அட்டை தொடங்கும் நாள் வசதி. கர்ப்பிணிகளும் தேதி வைத்துக்கொள்ளலாம். பால் கொடுப்பவர்கள், குழந்தை குடித்து முடித்து மார்பகம் காலியானவுடன் பார்க்க வேண்டும். பால் கட்டியிருக்கும்போது தொட்டால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு, சினைப்பை அப்படியே இருப்பவர்கள் குழம்புவது இங்கேதான். அவர்களுக்கு உதிரப்போக்கு இராது, ஆனால் மார்பக வீக்கம் மாதாமாதம் வந்து போய்க்கொண்டிருக்கும். வலியும் கனமும் அடங்கிய பிறகு வரும் நாட்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படம் போட்ட விளக்கங்களைப் பார்த்தும் சரியாகப் பிடிபடவில்லை. எப்படித் தொட வேண்டும் என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? (41 வயது வாசகி)

முதலில் கண், பிறகுதான் கை. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி, இடுப்புக்கு மேல் ஆடையின்றிக் கண்ணாடி முன் நில்லுங்கள். நான்கு நிலைகளில் பார்க்க வேண்டும்: கைகளைத் தொங்கவிட்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பில் கையை ஊன்றி நன்றாக அழுத்தி, கடைசியாக இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து. ஒவ்வொரு நிலையிலும் இடதும் வலதுமாகச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். இடுப்பை ஏன் அழுத்தச் சொல்கிறோம் என்றால், மார்பகத்துக்கு அடியில் இருக்கும் தசை அப்போது இறுகும். உள்ளே ஒரு கட்டி, தோலைத் தாங்கும் நார்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், சும்மா நிற்கும்போது தெரியாத குழி அந்த நேரத்தில் தோலில் விழும். ஒரு மார்பகம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது பலருக்கும் இயல்பு. புதிதாக வந்த வித்தியாசம் மட்டுமே கணக்கு.

அடுத்து, படுத்துக்கொண்டு தொடுவது. வலது மார்பகத்துக்கு வலது தோளின் அடியில் சிறிய தலையணை, வலது கை தலைக்குப் பின்னால், பரிசோதிப்பது இடது கை. படுக்கும்போது மார்பகம் விலா எலும்புகளின் மேல் தட்டையாகப் பரவுகிறது, ஆழத்தில் இருப்பதும் விரலுக்கு எட்டுகிறது. மார்பகம் பெரிதாக இருப்பவர்களுக்கு மல்லாந்து படுத்தாலே அது அக்குள் பக்கம் சரிந்துவிடும். அவர்கள் வலது பக்கம் பார்க்கும்போது இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, வலது தோளை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டு வெளிப்பாதியைப் பார்க்கட்டும். பிறகு மல்லாந்து உள்பாதியைப் பார்க்கலாம்.

தொடுவதற்கு நடு மூன்று விரல்கள். விரல் நுனி வேண்டாம். கைரேகை எடுக்கும்போது மையில் அழுத்துகிற பகுதி இருக்கிறதே, அந்த மெத்தான பாகம்தான் நுட்பமாக உணரும். நுனியால் குத்திப் பார்த்தால் சாதாரணச் சுரப்பியும் கட்டியாகத் தோன்றும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளித் தூக்கிப் பார்ப்பது அதைவிட மோசம்: எந்தத் திசுவைக் கிள்ளினாலும் உருண்டையாகத்தான் வரும். பயந்துபோய் மருத்துவரிடம் ஓடி வருகிறவர்களில் கிள்ளிப் பார்த்தவர்கள் நிறைய.

விரல்களை ஓரிடத்தில் வைத்து, சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு, ஒரு நாணய அளவில் வட்டமிடுங்கள். அதே இடத்தில் மூன்று வட்டம், மூன்று அழுத்தம். முதலில் லேசாக, தோலுக்கு அடியில் இருப்பதை உணர. அடுத்து நடுத்தரமாக. மூன்றாவது, விலா எலும்பு விரலில் படும் அளவுக்கு. பலர் செய்யும் தவறு, மொத்தத்தையும் ஒரே அழுத்தத்தில் முடித்துவிடுவது. லேசாக மட்டும் தடவினால் ஆழத்தில் இருப்பது தப்பிவிடும். எடுத்த எடுப்பிலேயே பலமாக அழுத்தினால் மேலே இருக்கும் சிறு கட்டி நழுவி ஒதுங்கிவிடும்.

இனி எல்லை. மேலே காறை எலும்பு, கீழே மார்பக மடிப்பைத் தாண்டி ஒரு விரற்கடை, உள்ளே நெஞ்செலும்பின் நடு, வெளியே அக்குளின் நடுவிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு. மார்பகத் திசு பிராவுக்குள் அடங்கும் பகுதியோடு முடிவதில்லை. அக்குள் கோட்டில் தொடங்கி, வயலில் சால் ஓட்டுவது போல மேலிருந்து கீழே, பக்கத்தில் ஒட்டி மறுபடி கீழிருந்து மேலே என்று நெஞ்செலும்பு வரை நகருங்கள். சாலுக்கும் சாலுக்கும் இடைவெளி விடக் கூடாது. காம்பைச் சுற்றிச் சுற்றி வட்டமாகப் போகும் பழைய முறையில் ஓரங்கள் விட்டுப்போகும். நேர்கோட்டு முறையில் விடுபடுவது குறைவு. நடுவில் விரலைத் தூக்காமல் வழுக்கி நகர்த்துங்கள். தோல் உலர்ந்து பிடித்தால் கொஞ்சம் எண்ணெயோ லோஷனோ போட்டுக்கொள்ளலாம். காம்பும் அதன் கருவளையமும் மற்ற இடங்களைப் போலவேதான், மூன்று அழுத்தத்தில்.

மேல் வெளிப்பகுதியில், அதாவது அக்குளை ஒட்டிய கால்பாகத்தில், நிதானம் தேவை. சுரப்பித் திசு அங்கேதான் அதிகம். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி அங்கே தொடங்குகிறது.

கடைசியாக அக்குள். எழுந்து உட்கார்ந்துகொண்டு, கையை முழுக்கத் தூக்காமல் சற்றே விலக்கி வையுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் அங்குள்ள தசை இறுகி, நெறிகட்டி இருந்தாலும் விரலுக்குச் சிக்காது. காறை எலும்புக்கு மேலும் கீழும் ஒருமுறை தடவிப் பாருங்கள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு பார்ப்பது அக்குளுக்கும் மேல்பகுதிக்கும் நன்றாக உதவும். ஆனால் நின்றபடி பார்க்கையில் கீழ்ப்பகுதி மடிந்து தொங்குவதால், அதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் சில மாதங்களில் ஒரு பக்கத்துக்கே ஐந்தாறு நிமிடம் ஆகும். பழகியபின் குறைந்துவிடும்.

கேள்வி: எனக்கு எங்கே தொட்டாலும் ஏதோ தட்டுப்படுகிறது. கட்டி எது, கட்டி இல்லாதது எது? (36 வயது வாசகி)

சுரப்பி, கொழுப்பு, நார் மூன்றும் கலந்ததுதான் மார்பகம்; சீராக இருக்கவே இருக்காது. பரவலாக, இரு பக்கமும் ஒரே மாதிரி, சோற்றைப் பிசைந்தது போலக் குறுணை குறுணையாக இருப்பது இயல்பு. கீழ் மடிப்பை ஒட்டி, கயிறு போலக் கெட்டியான ஒரு வரம்பு ஓடும். அது எல்லாருக்கும் உண்டு, எடையைத் தாங்கும் இடம். ஆழமாக அழுத்தும்போது வரிசையாகக் கெட்டியாகத் தட்டுப்படுவது விலா எலும்பு. ஐயமிருந்தால் மார்பகத்தைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு மறுபடி தொடுங்கள். எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

எளிய சோதனை ஒன்று: சந்தேகப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, மற்ற மார்பகத்தில் அதே இடத்தைத் தொடுங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் உங்கள் உடலமைப்பு. ஒரு பக்கம் மட்டும், சுற்றியிருப்பதிலிருந்து தனித்து, ‘இது வேறு’ என்று விரல் சொன்னால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இளவயதில் வரும் நார்க்கட்டி ரப்பர் உருண்டை போல விரலுக்கு அடியில் வழுக்கி ஓடும். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் நீர்க்கட்டிகள் அதிகம். அவை திடீரென்று தோன்றும், வலிக்கவும் கூடும். புற்றுநோய்க் கட்டி பொதுவாகக் கெட்டியாக, ஒழுங்கற்ற விளிம்போடு, அசையாமல் இருக்கும் என்பார்கள். பொதுவாக என்றுதான் சொல்ல முடியும். மென்மையாக, வழவழப்பாக, அசையக்கூடியதாக இருக்கும் புற்றுநோயும் உண்டு. ஆகவே தொட்டுப் பார்த்து ‘இது நார்க்கட்டிதான்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். விரலை வைத்து மருத்துவர்களும் அப்படி எழுதுவதில்லை, ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள்.

முதல் மூன்று நான்கு மாதம் இந்தக் குழப்பம் இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் மார்பகத்தின் மேடு பள்ளம் கைக்கு மனப்பாடமாகிவிடும்.

கேள்வி: இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்கிறேன், பிறகு மறந்துவிடுகிறது. வழக்கமாக்க என்ன வழி? (33 வயது வாசகி)

‘மாதம் ஒருமுறை’ என்று மனதில் வைத்தால் மறக்கத்தான் செய்யும். ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். மாதவிலக்கு வந்த தேதியை எப்படியும் எங்கோ குறிப்பீர்கள். குறிக்கும் அதே கையோடு ஒரு வாரம் தள்ளிப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். நாளை மட்டும் வைத்தால் போதாது. நேரத்தையும், அறைக்கதவு சாத்தியிருக்கும் வேளையாகப் பார்த்து வைக்க வேண்டும். சமையலுக்கு நடுவே ஒலிக்கிற நினைவூட்டலை அணைத்துவிட்டுப் போய்விடுவோம், திரும்ப அதைப் பற்றிய நினைப்பே வராது.

பார்த்து முடித்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘தேதி, மாதவிலக்கின் 8-ஆம் நாள், வலது மேல் வெளிப்பக்கம் குறுணை, போன மாதம் போலவே.’ இவ்வளவு போதும். நினைவை நம்பினால் ‘இது போன மாதமும் இருந்ததே’ என்று மனம் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

இடத்தைக் குறிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவர்கள் மார்பகத்தைக் கடிகார முகமாக வைத்துச் சொல்வார்கள். அது எதிரே நின்று உங்களைப் பார்க்கிறவரின் கடிகாரம். அவருக்கு உங்கள் வலது மார்பகத்தின் அக்குள் பக்கம் 9 மணி. நீங்கள் கண்ணாடியில் பார்த்தாலோ அதே இடம் 3 மணியாகத் தெரியும். ‘வலது 3 மணி’ என்று எழுதிக்கொண்டு போனால் அவர் நெஞ்செலும்பு ஓரத்தில் தேடுவார். அதனால் ‘வலது, அக்குள் பக்கம், மேலே, காம்பிலிருந்து மூன்று விரல்’ என்று எழுதுவதே நல்லது.

ஒரு மாதம் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். அடுத்த மாதம் தொடருங்கள், ஈடுகட்ட இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. தினமும் பார்ப்பது நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறார் வேறொருவர். வேண்டாம். தினமும் தொட்டால் மெல்ல வரும் மாற்றம் பழகிப்போய் உறைக்காது. அழுத்தி அழுத்தி வலியும் கூடும், கவலையும் கூடும்.

கேள்வி: சுயபரிசோதனையால் உயிரிழப்பு குறைவதில்லை என்று ஆய்வே சொல்லிவிட்டதாகப் படித்தேன். பிறகு ஏன் செய்ய வேண்டும்? (47 வயது வாசகி)

நீங்கள் படித்தது சரியே. ஷாங்காய் நகரின் ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை 1989 முதல் 1991 வரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கற்றுக்கொண்ட பிரிவில் 135, மற்றதில் 131. வித்தியாசமே இல்லை. அதோடு, கற்றுக்கொண்டவர்களிடம் தீங்கற்ற கட்டிகள் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன. தேவையில்லாத பயாப்சிகளும் (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) கூடின. இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் உள்ளிட்ட பல அமைப்புகள், ஒவ்வொரு பெண்ணும் மாதாமாதம் கட்டாயம் செய்தாக வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டன.

ஆனால் அவை எதுவும் ‘தொடாதீர்கள்’ என்று சொல்லவில்லை. உங்கள் மார்பகத்தின் இயல்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மாறினால் உடனே காட்ட வேண்டும் என்கின்றன. பயிற்சி பெறாத பிரிவிலும் குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் பெண்கள் தங்கள் கட்டியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் கருத்து இதுதான்: மாதாந்தரச் சடங்காக இதை நினைத்துக்கொண்டு, செய்யாவிட்டால் குற்ற உணர்வில் தவிப்பது வீண். மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, பதிலாக இதைச் செய்துகொண்டிருப்பது அபாயம். இயல்பைத் தெரிந்துகொள்ள ஒரு கருவியாக எடுத்துக்கொண்டால் பயனுண்டு. எப்படியும் தொடத்தான் போகிறோம், முறையோடு தொட்டால் பொய்ப்பயமாவது குறையும். தொட்ட கையோடு மருத்துவரிடம் போகாமல் ஆறு மாதம் காத்திருந்தால், எவ்வளவு சரியாகத் தொட்டிருந்தும் ஒன்றுமில்லை.

கேள்வி: இடது பக்கம் சிறிதாக ஏதோ இருக்கிறது. வலி இல்லை. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில். (44 வயது வாசகி)

வலிக்காகக் காத்திருக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை; வலியோடு வருகிற கட்டிகளில்தான் நீர்க்கட்டியும் ஹார்மோன் வீக்கமும் அதிகம். தனித்துத் தெரிகிற புதுக் கட்டி என்றால் இந்த வாரத்திலேயே நேரம் வாங்குங்கள். மாதவிலக்குக்கு முன் பரவலாகத் தடித்த மாதிரி மட்டும் இருந்தால், உதிரப்போக்கு நின்று சில நாளில் இன்னொரு முறை பார்த்து, அப்போதும் இருந்தால் போங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்தக் காத்திருப்பும் கிடையாது.

கட்டி இல்லாமலும் காட்ட வேண்டியவை உண்டு. தோலில் குழி; ஆரஞ்சுத் தோல் போலத் துளைத் துளையாகத் தடித்தல்; பருவ வயதிலிருந்து வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுபடுவது; ஒரு மார்பகம் மட்டும் திடீரென்று பெருப்பது; அக்குளில் நெறி. காம்பில் தொடங்கிக் கருவளையத்துக்குப் பரவுகிற, களிம்பு போட்டும் ஆறாத சொறி ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். மார்பகம் சிவந்து, சூடாகி, வீங்கினால் முதலில் கிருமித்தொற்றாக நினைத்து மாத்திரை கொடுப்பார்கள், அது தவறில்லை. ஓரிரு வாரத்தில் அடங்காவிட்டால் அதே மாத்திரையை மறுபடி வாங்கிப் போடாமல் ஸ்கேனும் தோல் பயாப்சியும் கேளுங்கள். அழற்சி வகைப் புற்றுநோய் கட்டியே இல்லாமல் இப்படித்தான் வரும்.

மருத்துவமனையில் மூன்று நடக்கும்: மருத்துவர் கையால் பார்ப்பது, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி பயாப்சி. இளவயதினருக்குத் திசு அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்ட் முதலில். 40-ஐ ஒட்டியவர்களுக்கும் மேற்பட்டவர்களுக்கும் மேமோகிராமும் சேரும். மேமோகிராமுக்குப் போகும் அன்று அக்குளில் பவுடரோ டியோடரன்ட்டோ போடாதீர்கள், படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து குழப்பும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கையில் சந்தேகம், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அத்தோடு விடக் கூடாது. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சை நம்பிப் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அது பரவவைப்பதில்லை. பயாப்சி செய்யப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல.

அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாட்களுக்குள் நோய் எது என்று உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு. வீட்டில் ‘பார்க்கலாம்’ என்று கழியும் நாட்கள் இந்தக் கணக்கில் வரவே வராது.

கேள்வி: காம்பை அழுத்தினால் ஒரு துளி நீர் வருகிறது. (38 வயது வாசகி)

அழுத்தினால் பலருக்கும் வரும். பரிசோதனைக்காகக் காம்பைப் பிதுக்கத் தேவையே இல்லை. பிதுக்கப் பிதுக்கச் சுரப்பு நீடிக்கும். தானாக, ஒரு பக்கம் மட்டும், ஒரே துளையிலிருந்து, இரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்து பிராவில் கறை பட்டால் காட்டுங்கள். இரு பக்கமும் பால் போல வந்தால் அது வேறு பாதை: பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளையும் பார்ப்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 46 வயதில் வந்தது. எனக்குப் போன வருடம் மேமோகிராம் நார்மல். இனி நான் தொட்டுப் பார்க்க வேண்டுமா? (37 வயது வாசகி)

வேண்டும். நார்மல் என்பது அன்றைய படத்துக்கான பதில். இரண்டு மேமோகிராமுக்கு நடுவே வளரும் புற்றுநோயும் உண்டு. அடர்த்தியான திசுவும் கட்டியும் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிவதால் மறைந்துபோவதும் உண்டு.

தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் உங்கள் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. பொதுவாக, அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே மேமோகிராம் தொடங்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது 36, அதனால் நீங்கள் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறீர்கள். அப்பா வழியையும் விசாரியுங்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் தந்தை வழியாகவும் வரும், அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் தைரியமாக இருந்துவிட முடியாது என்பதற்கும் அதே கணக்குத்தான் காரணம்.

கேள்வி: ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். இனி எதைப் பார்ப்பது? (55 வயது வாசகி)

மற்ற மார்பகத்தை முன்போலவே. எடுத்த பக்கத்தில் தழும்பின் மேல் விரலை வைத்து, அதன் முழு நீளத்துக்கும், சுற்றியுள்ள நெஞ்சுத் தோலிலும் வட்டமிடுங்கள். பட்டாணி போல முடிச்சோ, புதிதாகச் சிவந்த தடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்க அக்குளும் காறை எலும்புக்கு மேற்பகுதியும் விட்டுப்போகக் கூடாது. கையையும் கவனியுங்கள்: வளையலோ மோதிரமோ ஒரு கையில் மட்டும் இறுகத் தொடங்கினால் நிணநீர் தேங்குகிறது என்று பொருள், சீக்கிரம் காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது.

கேள்வி: ஆண்களுக்கும் வருமா? (வாசகர், 60 வயது)

வரும், அரிதாக. மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்குள். காம்புக்கு நேர் அடியிலோ அதை ஒட்டியோ ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகத் தட்டுப்பட்டால், காம்பு உள்ளிழுத்தால், இரத்தம் கசிந்தால் காட்டுங்கள். ஆண்களுக்கு மார்பகத் திசு குறைவு என்பதால் கட்டி தோலையும் தசையையும் சீக்கிரம் தொட்டுவிடும்; கூச்சத்தில் தள்ளிப்போடுவதும் இவர்களிடம் அதிகம். மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை, குளிக்கும்போது காம்பைச் சுற்றி ஒருமுறை தடவிக்கொண்டால் போதும்.